ஆப்பிரிக்காவுக்குத் தொண்டு யாத்திரை

முன்காலத்தில் நம் நாட்டில் கையில் நாலு காசு சேர்ந்தவனுக்கு உடனே காசி ஞாபகம் வரும். கங்கையில் ஒரு முழுக்குப் போட்டு, ஒரு சொம்புத் தண்ணீரை அடைத்துக்கொண்டு வந்து, ஊரைக் கூட்டிச் சமாராதனை நடத்தி, தான் புண்ணியவானாகத் திரும்பிவிட்டதாகப் பிரசித்தப்படுத்திக் கொள்ளுவான். இவன் போனதால் காசியில் இருக்கின்றவனுக்கு என்ன லாபம் என்று யாரும் கேட்பதில்லை. யாத்திரையின் பலன் போகின்றவனுக்கே ஒழிய, போகின்ற ஊருக்கு அல்ல என்பது அதன் சட்டம்.

இப்போது படித்த வாலிபர்கள் சிலருக்குள் வேறொரு யாத்திரை கிளம்பியிருக்கின்றது. சென்னையிலும் பெங்களூரிலும் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் நல்ல சம்பளம் வாங்குகின்றவர்கள், வேலையில் சலிப்புத் தட்டியதும் மூன்று மாதமோ ஆறு மாதமோ ரஜா எடுத்துக்கொண்டு, அல்லது வேலையையே விட்டுவிட்டு, கென்யாவுக்கும் தான்சானியாவுக்கும் உகாண்டாவுக்கும் “தொண்டு” செய்யப் புறப்படுகின்றார்கள். இதற்கென்று கம்பெனிகள் இருக்கின்றன. மேல்நாட்டில் நெடுநாளாக நடந்துவரும் வியாபாரம் இது. இரண்டு வாரத்துக்கு இவ்வளவு, நான்கு வாரத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டிவிட்டால், ஒரு பள்ளிக்கூடத்திலோ அநாதை விடுதியிலோ கொண்டுபோய் விடுவார்கள். கடைசி இரண்டு நாள் சிங்கம், யானை பார்க்கக் காட்டுக்கும் அழைத்துப் போவார்கள். திரும்பி வருகின்றவர் கையில் கங்கைச் சொம்புக்குப் பதிலாக, பத்துக் கறுப்புக் குழந்தைகளின் நடுவில் தாம் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் இருக்கும்.

“கோவிலுக்குப் போகவில்லை, புரோகிதனுக்குத் தட்சணை கொடுக்கவில்லை, மனிதனுக்கு மனிதன் உதவப் போகின்றான். இதையும் நீங்கள் குறை சொல்ல வேண்டுமா?” என்று நம் தோழர்களே சிலர் கேட்கின்றார்கள். நியாயமான கேள்விதான். கடவுளுக்குச் செலவிடுகின்றவனைவிட மனிதனுக்குச் செலவிட நினைப்பவன் ஆயிரம் பங்கு மேலானவன் என்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. போகின்றவர்களில் பெரும்பாலோர் நல்லெண்ணம் உடையவர்கள் என்பதையும் ஒப்புக்கொள்ளுகின்றோம். நாம் கேட்பது வேறு. இந்தத் தொண்டில் தொண்டு வாங்குகின்றவனுக்கு வாய் இருக்கின்றதா? அவன் கூப்பிட்டு இவர் போனாரா? போன இடத்தில் இவர் செய்தது தப்பென்றால் இவரைக் கேட்க அவனுக்கு அதிகாரம் உண்டா? கூப்பிடாமல் வந்து, தெரியாததைச் செய்து, யாருக்கும் பதில் சொல்லாமல் போகின்றவனுக்குத் தொண்டன் என்று பெயர் வைத்தால், பதில் சொல்லாத சாமிக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்?

இதைக் கேட்க நமக்கென்ன யோக்கியதை என்றால், மரக்காணத்து உப்பளங்களுக்குத் தெற்கே, புதுச்சேரிக்கு வடக்கே, இந்தப் பொம்மையார்பாளையத்துக் கரையில் இருக்கின்ற நாம் தொண்டு வாங்கின கட்சியைச் சேர்ந்தவர்கள். நம்மையும் மற்றவர்கள் வந்து பார்த்திருக்கின்றார்கள், படம் எடுத்திருக்கின்றார்கள், உத்தாரணம் செய்திருக்கின்றார்கள்.

முதலில் ரஜா விஷயத்தைச் சொல்லிவிடுவோம். இந்தக் கரையில் ரஜா இல்லாமல் இல்லை. ஐப்பசி மழை விழுந்தால் உப்புப் பாத்தி கரைந்து போகும். அதிலிருந்து மறுபடி வெயில் ஏறுகின்ற வரையில் உப்பளத் தொழிலாளிக்கு ரஜாதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். அந்தப் படகில் கூலிக்குப் போகின்றவனுக்கும் ரஜாதான். இவர்களில் ஒருவன்கூட அந்த ரஜாவில் தன்னைத் தேடிக்கொண்டு கண்டம் விட்டுக் கண்டம் போனதாக நாம் கேள்விப்பட்டதில்லை. வட்டிக்குக் கடன் தேடிக்கொண்டு போவதைத்தான் பார்த்திருக்கின்றோம். இதைச் சொல்லுவது பொறாமையினால் அல்ல. சம்பளமில்லாமல் ஆறு மாதம் சாப்பிடக்கூடிய நிலைமை இருந்தால்தான் இந்தத் தொண்டு சாத்தியம் என்பதையும், ஆகவே இது ஆரம்பத்திலேயே உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் நடுவில் நடக்கின்ற காரியம் என்பதையும் ஞாபகப்படுத்துவதற்காகவே சொல்லுகின்றோம்.

1968-ம் வருஷம் பிப்ரவரி 28-ந் தேதி நமக்கு மேற்கே உள்ள செம்மண் மேட்டில், 124 நாட்டு மண்ணைக் கொண்டுவந்து ஒரு தாழியில் போட்டு ஆரோவில் என்னும் நகரத்தை ஆரம்பித்தார்கள். புதுச்சேரி ஆசிரமத்தில் “அன்னை” என்று வணங்கப்பட்ட மிர்ரா அல்பாசா அம்மையாரின் ஏற்பாடு அது. அவர்களுடைய ஆன்மீகத்தைப்பற்றி நமக்குள்ள அபிப்பிராயத்தை இங்கு விஸ்தரிக்க வேண்டியதில்லை. அந்த மேடு மழையில் அரித்து ஓடை ஓடையாகப் பிளந்து கிடந்ததும், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் அதில் மரம் வைத்து, தண்ணீரை மறித்துக் காடாக்கியதும் உண்மை. நல்லதை நல்லதென்று சொல்லுவதில் பகுத்தறிவுக்காரனுக்கு நஷ்டமில்லை. அந்த மரம் வைத்தவர்கள் இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போனவர்கள் அல்ல என்பதையும், கிராமத்தாரிடம் மண்ணையும் மழையையும் கேட்டுத் தெரிந்துகொண்டு வருஷக்கணக்காகப் பாடுபட்டவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுகின்றோம். ஆனால் அந்த மேட்டைச் சுற்றியிருக்கின்ற ஊர்களிலிருந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தினம் காலையில் அங்கே போகின்றவர்களில் மிகப்பெரும்பாலோர் என்ன வேலைக்குப் போகின்றார்கள்? கட்டட வேலைக்கும், தோட்ட வேலைக்கும், வீட்டு வேலைக்கும். உலக ஒற்றுமை ஏற்பட்ட இடத்திலும் கூடை யார் தலையில் இருக்கின்றது என்று பார்ப்பது நம் வழக்கம். மன்னிக்க வேண்டும், பழக்கதோஷம்.

பிறகு 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி வந்தது. அன்று காலை கடல் ஏறிவந்து தமிழ்நாட்டில் மாத்திரம் சுமார் 8,000 பேரைக் கொண்டுபோயிற்று. அதற்குப்பின் இந்தக் கரை முழுவதும் தொண்டர் வெள்ளம். அதில் செய்யவேண்டியதைச் செய்தவர்கள் ஏராளம். மருத்துவர்களும், தண்ணீர்க் குழாய் போட்டவர்களும், சோறு ஆக்கினவர்களும் நன்றிக்குரியவர்கள். ஆனால் நாகப்பட்டினத்திலிருந்து சாலையோரம் எங்கும் மலைபோல் கிடந்த பழந்துணி மூட்டைகளை அந்தப் பக்கம் போனவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஊரார் வீட்டு அலமாரிகள் காலியாயின. அனுப்பினவர்களுக்கு மனம் நிம்மதியாயிற்று. உடுத்திக் கழித்ததை உடுத்த மீனவப் பெண்கள் மறுத்தபோது “இவ்வளவு கஷ்டத்திலும் திமிரைப் பார்” என்று பேச்சும் கிளம்பிற்று. அது திமிர் அல்ல, சுயமரியாதை. அலையில் வீடு போயிருந்ததே தவிர மானம் போயிருக்கவில்லை. படகு கொடுத்த கதை இன்னும் வேடிக்கை. கட்டுமரம் போனவனுக்கும் ஃபைபர் படகு, படகே இல்லாதிருந்தவன் பெயருக்கும் ஃபைபர் படகு என்று போட்டி போட்டுக்கொண்டு கொடுத்ததில், பல இடங்களில் அலைக்கு முன் இருந்த படகுகளைவிட அலைக்குப்பின் வந்த படகுகள் அதிகமாயின. கடலில் மீன் அதிகமாகவில்லை. படகின்மேல் கொடுத்தவர் பெயர் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது.

அந்த நாள்களில் நாகப்பட்டினத்தில் பிணங்களை எடுத்தவர்கள் யார்? மற்ற ஊர் நகரசபைகளிலிருந்து லாரிகளில் கொண்டுவரப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகி நின்றபோது, அழுகிய உடல்களைச் சேற்றிலிருந்து தூக்கி அடக்கம் செய்தவர்கள் அவர்கள்தான். அவர்களுக்குத் தொண்டர் என்ற பெயர் கிடைக்கவில்லை. அது அவர்கள் “ஜாதி வேலை” என்று தேசம் தீர்மானித்துவிட்டது. காசு கட்டிப் போய்ச் சுவருக்கு வர்ணம் அடிக்கின்றவன் தொண்டன்; கூலிக்குப் பிணம் எடுக்கின்றவன் தோட்டி. இந்த அகராதியை யார் எழுதினார்கள்?

இது நிற்க. நம் ஊருக்கு இன்றைக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டால் சின்னப் பிள்ளையும் சொல்லும்: மணல் வேண்டும். 1980-களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் அணைகள் நீட்டினார்கள். இந்தக் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். அணை அதை மறித்துக்கொண்டது. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே புதுச்சேரிக் கடற்கரை கரைந்தது. அங்கே கல் கொட்டினார்கள். அரிப்பு அதற்கும் வடக்கே கோட்டக்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று நகர்ந்தது. வலை காயவைக்கின்ற இடமும், படகு ஏற்றுகின்ற இடமும், அதற்குப்பின் வீடுகளும் போயின. இங்கே பத்து வெளிநாட்டு வாலிபர்கள் வந்து பள்ளிக்கூடச் சுவரில் மீன் படம் எழுதினால் மணல் திரும்பி வருமா? வேண்டியது அணைக்குத் தெற்கே தேங்கின மணலை வடக்கே தள்ளுகின்ற ஏற்பாடும், கடலைப்பற்றித் தெரிந்த எஞ்சினியரும், அதற்குப் பணம் ஒதுக்குகின்ற சர்க்காரும். எல்லாவற்றுக்கும் மேலாக, இனி எதைக் கட்டுமுன்பும் மீனவனை ஒரு வார்த்தை கேட்பதும்.

நம் ஊர் வறுமைக்குக் காரணம் நம் ஊருக்கு வெளியே ஒரு அணையில் இருக்கின்றது போலவே, ஆப்பிரிக்கக் கிராமத்தின் வறுமைக்கும் காரணம் அநேகமாக அந்தக் கிராமத்துக்கு வெளியேதான் இருக்கின்றது. கோகோவுக்கும் காப்பிக்கும் விலை வைப்பவன் லண்டனிலும் நியூயார்க்கிலும் இருக்கின்றான். தாமிரமும் கோபால்டும் கப்பல் ஏறிப் போகின்றன. கடனும் வட்டியும் மிஞ்சுகின்றன. இதைத் தெரிந்துகொள்ளாமல், அங்கே சிரித்த முகத்தோடு பந்து விளையாட ஆளில்லாததுதான் குறை என்று நினைத்துக்கொண்டு போவது, வீடு பற்றி எரியும்போது வாசலில் கோலம் போடுவதாகும்.

சரி, போனவர்கள் கோலத்தையாவது ஒழுங்காகப் போட்டார்களா?

பள்ளிப் பருவத்தில் தான்சானியாவுக்குத் தொண்டு செய்யப் போன ஓர் அமெரிக்கப் பெண் 2014-ல் தம் அனுபவத்தை எழுதினார். பகலெல்லாம் அவரும் தோழிகளும் செங்கல் அடுக்கி ஒரு புத்தகசாலைச் சுவர் கட்டினார்களாம். சுவர் கோணல். இரவில் அந்த ஊர் ஆட்கள் வந்து, இவர்களுக்குத் தெரியாமல், அதைப் பிரித்துவிட்டுச் சரியாகக் கட்டி வைப்பார்களாம். மறுநாள் காலையில் இவர்கள் தங்கள் சுவர் என்று நினைத்து அதன்மேல் மேலும் அடுக்குவார்களாம். நம் கொத்தனாரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். ஆனால் இது சிரித்துவிட்டுப் போகின்ற விஷயமா? அந்த ஊரில் கொத்துவேலை தெரிந்தவன் இருக்கின்றான். அவனுக்கு வேலை இல்லை. வேலை தெரியாதவள் கடல் கடந்து காசு கட்டி வந்து அவன் வேலையைக் கெடுக்கின்றாள். அவளுடைய மனம் நோகக்கூடாதென்று அவன் ராத்திரியில் கண்விழிக்கின்றான். இதில் யார் யாருக்குத் தொண்டு செய்தார்கள்?

சுவர் போனால் கட்டிக்கொள்ளலாம். உகாண்டாவில் ஜிஞ்ஜா நகரத்தில், மருத்துவப் படிப்பே இல்லாத ஓர் அமெரிக்க இளம்பெண், இளைத்த குழந்தைகளுக்கென்று ஒரு நிலையம் நடத்தினார். 2010-க்கும் 2015-க்கும் இடையில் அங்கே நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தன. வந்த குழந்தைகளில் பலர் முன்பே கடும் நோயில் இருந்தவர்கள் என்பதும், அங்கே உகாண்டா நர்சுகளும் வேலை செய்தார்கள் என்பதும் உண்மையே. ஆனால் மருத்துவம் படிக்காத கை மருத்துவத்தில் நுழைந்தது என்று பறிகொடுத்த தாய்மார் 2019-ல் வழக்குப் போட்டார்கள். 2020-ல், பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலேயே, பணம் கொடுத்துச் சமாதானம் செய்யப்பட்டது. அந்தப் பெண் தன் சொந்த ஊரில் ஒரு குழந்தைக்கு ஊசி போட முடியுமா? மறுநாளே போலீஸ் வந்திருக்கும். கடவுள் தம்மை அங்கே போகச் சொன்னதாக அவர் நம்பினார். கடவுள் டிகிரி கேட்பதில்லை போலும்.

அநாதை விடுதிகளின் கதை இதைவிட மோசம். இப்படிப்பட்ட விடுதிகளில் இருக்கின்ற குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கின்றார்கள் என்பது குழந்தை நலத்தில் உழைப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பிறகு ஏன் அநாதை? வெள்ளைக்காரரும், இப்போது நம்மவரும், அநாதையைப் பார்க்கக் காசு கொடுப்பதால் அநாதை தேவைப்படுகின்றான். சாமி இல்லாவிட்டால் உண்டியல் நிறையுமா? பிள்ளை இல்லாவிட்டால் விடுதி உண்டியல் நிறையுமா? “படிக்க வைக்கின்றோம்” என்று ஏழைத் தாயிடம் சொல்லிப் பிள்ளையை வாங்கிவருகின்ற தரகன் ஏற்பட்டுவிட்டான். பிள்ளை கொழுத்தால் நன்கொடை குறையும் என்று நடத்துகின்றவர்களும் உண்டு. வாரத்துக்கு ஒரு புது அக்கா வருகின்றாள், தூக்கிக் கொஞ்சுகின்றாள், அழுதுகொண்டே விடைபெறுகின்றாள். அவள் அழுகை விமானத்தில் தீர்ந்துவிடும். மாதம் நாலு பேரிடம் ஒட்டி, நாலு பேரால் பிய்க்கப்படுகின்ற பிள்ளையின் மனம் என்ன ஆகும் என்று தென்னாப்பிரிக்காவில் இருந்தே லிண்டா ரிக்டர், ஏமி நார்மன் என்ற இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள் 2010-ல் எழுதி எச்சரித்தார்கள். 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபையே, அநாதை விடுதிகளில் நடக்கும் இந்தத் தொண்டு யாத்திரையால் குழந்தைகள் விற்பனைச் சரக்காவதைத் தடுக்கவேண்டும் என்று குழந்தை உரிமைத் தீர்மானத்தில் சேர்த்தது. இதற்குப் பிறகும் “எனக்குக் குழந்தைகள் என்றால் பிரியம்” என்று டிக்கட் வாங்குகின்றவர்களை என்னவென்று சொல்லுவது?

ஒரு சிறு பரீட்சை வைப்போம். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக வேண்டுமானால் பயிற்சிப் படிப்பு வேண்டும், தகுதித் தேர்வு எழுதவேண்டும். நாளைக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு பாங்கிக் குமாஸ்தா, தமிழ் ஒரு எழுத்தும் தெரியாமல், “எனக்கு மூன்று வாரம் ஓய்வு, உங்கள் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருகின்றேன், குளிக்க வைக்கின்றேன், படம் எடுத்துக்கொள்ளுகின்றேன்” என்று வந்தால் தாய் தகப்பன் சம்மதிப்பார்களா? சம்மதிக்கமாட்டார்கள் என்றால், நம்மில் ஒருவன் சுவாஹிலி ஒரு வார்த்தை தெரியாமல் தான்சானியக் குழந்தைக்கு முன்னால் சாக்குக்கட்டியோடு நிற்பதை மாத்திரம் அந்தத் தாய் ஏன் சம்மதிக்கவேண்டும்? ஏழையின் பிள்ளை எவனும் தொட்டுப் பழகிக்கொள்ளக்கூடிய பொம்மை என்பதைத் தவிர வேறு காரணம் இருக்கின்றதா?

இதே கேள்வியை ஆரோவில் ஆரம்பித்த அதே 1968-ல், ஏப்ரல் மாதத்தில், மெக்சிகோவில் குவெர்னவாக்கா என்ற ஊரில், இவான் இல்லிச் என்ற பாதிரியார் அமெரிக்க மாணவத் தொண்டர்களைக் கூட்டிவைத்து முகத்துக்கு நேராகக் கேட்டார். பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், எங்கள் மலை ஏறுங்கள், பூவை ரசியுங்கள். உதவி செய்ய மாத்திரம் வராதீர்கள் என்ற கருத்தில் பேசினார். பாதிரியார் வாயிலிருந்து இவ்வளவு பகுத்தறிவு வந்ததற்காக நாம் அவரை மெச்சுகின்றோம்.

நம்மவர்கள் விஷயத்தில் இன்னொரு வெட்கக்கேடும் இருக்கின்றது. ஆப்பிரிக்காவில் போய்க் கறுப்புக் குழந்தையை இடுப்பில் வைத்துப் படம் எடுக்கின்ற அதே தேசம், இங்கே படிக்க வருகின்ற ஆப்பிரிக்க மாணவனை எப்படி நடத்துகின்றது? 2016 ஜனவரி கடைசியில் பெங்களூரில் யாரோ ஒரு சூடான் நாட்டு மாணவன் வண்டி மோதியதற்கு, அந்த வழியே வந்த தான்சானிய மாணவியைக் கூட்டம் வழிமறித்து அடித்து, துணியைக் கிழித்து, காரைக் கொளுத்திற்று. அவள் செய்த குற்றம் தோல் கறுப்பு. 2017 மார்ச்சில் டில்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில், நரமாமிசம் தின்றார்கள் என்ற புரளியை நம்பி நைஜீரிய மாணவர்களைக் கடைக்குள்ளே துரத்தி அடித்தார்கள். இன்றைக்கும் நம் நகரங்களில் ஆப்பிரிக்கன் என்றால் வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. வீட்டு வாசலில் நிற்பவனுக்குக் கதவைச் சாத்திவிட்டு, கடலுக்கு அப்பால் இருப்பவன் பிள்ளையைக் கொஞ்சப் போவதற்கு மனிதாபிமானம் என்றா பெயர்? பெண் பார்க்கப் போனால் “நிறம் கொஞ்சம் மட்டு” என்று உதடு பிதுக்குகின்றவர்கள், முகம் வெளுக்கக் களிம்பு பூசுகின்றவர்கள், கறுப்பர்களை உத்தாரணம் செய்யக் கிளம்புவதைப்போல விந்தை வேறில்லை. காந்தியார் தென்னாப்பிரிக்காவில் இருந்த ஆரம்ப வருஷங்களில் அந்த நாட்டுக் கறுப்பர்களைத் தாழ்த்தி எழுதியதை நாம் மறந்துவிட்டோம், அவர்கள் மறக்கவில்லை. கானா நாட்டுப் பல்கலைக்கழகத்தில் 2016-ல் வைத்த அவர் சிலையை 2018 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள்.

உண்மையில் ஆப்பிரிக்கா நமக்குப் புதிதா? 1860-ம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி “ட்ரூரோ” என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்தில் போய் நின்றது. அதில் இருந்தவர்கள் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட நம் ஜனங்கள். 1911 வரையில் அப்படி நேட்டாலுக்குப் போனவர்கள் சுமார் 1,52,000 பேர். அதில் பெரும்பகுதி சென்னை மாகாணத்தார். அவர்களுக்கும் ஒரு ஏஜெண்டு இருந்தான், அவனும் நல்ல வார்த்தை சொன்னான். அவர்கள் யாரையும் உத்தாரணம் செய்யப் போகவில்லை. வயிற்றுக்குப் போய், சவுக்கடி பட்டு, அந்த மண்ணிலேயே வேரூன்றி, அவர்களுடைய பேரன் பேத்திகள் கறுப்பர்களோடு தோளோடு தோள் நின்று நிறவெறி ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றார்கள். ஆப்பிரிக்கனோடு தமிழனுக்கு உள்ள உறவு அதுவல்லவா? இடையில் தர்மதாதா வேஷம் எங்கிருந்து வந்தது?

அந்தக் கண்டத்தார் கைகட்டிக்கொண்டு நமக்காகக் காத்திருக்கின்றார்கள் என்ற எண்ணமே தப்பு. கென்யாவில் வங்காரி மாத்தாய் என்ற அம்மையார் 1977-ல் கிராமத்துப் பெண்களைக் கொண்டு மரம் வைக்கும் இயக்கத்தை ஆரம்பித்தார். மூன்று கோடி மரங்கள் நட்டார்கள். காட்டை விழுங்க வந்த சர்க்காரை எதிர்த்து அடிபட்டார்கள். 2004-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த நாட்டுக்கு நம் வாலிபர் ஒருவர் “மரம் நடக் கற்பிக்க” இரண்டு வாரம் போகின்றாராம்! 2014-ல் எபோலா நோய் நைஜீரியாவின் லாகோஸ் நகரத்துக்குள் ஒரு விமானப் பயணியோடு நுழைந்தபோது, அமெயோ அடாடெவோ என்ற பெண் மருத்துவர், வெளியே விடச் சொல்லி வந்த நெருக்கடிகளுக்கு இணங்காமல் அந்த நோயாளியைத் தடுத்து வைத்தார். அவருக்கே நோய் தொற்றி ஆகஸ்டு மாதம் இறந்தார். ஆனால் அவ்வளவு ஜனநெருக்கமுள்ள நகரம் தப்பிற்று. நைஜீரியாவில் நோய் கண்டவர்கள் 20 பேரோடு நின்றது. அக்டோபர் 20-ல் அந்த நாடு நோய் நீங்கியதாக உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. கைபேசியில் பணம் அனுப்புவதை நாம் 2016-க்குப்பின் பெரிய அதிசயமாகப் பேசுகின்றோமே, கென்யாவில் பெட்டிக்கடைக்காரனும் காய்கறிக்காரியும் 2007 முதல் அதைச் செய்துவருகின்றார்கள். கற்றுக்கொடுக்கப் போகின்றவர்கள் கற்றுக்கொள்ளப் போகக் கூடாதா?

“அப்படியானால் யாரும் யாருக்கும் உதவக்கூடாதா?” என்பீர்கள். நாம் அப்படிச் சொல்லவில்லை. “உள்ளூரில் செய், வெளியூர் எதற்கு” என்று சொல்லுகின்றவர்களோடும் நமக்கு உடன்பாடில்லை. உள்ளூரில் வேலை இருப்பது உண்மை. நமது விழுப்புரம் மாவட்டத்தில் மேல்பாதி என்ற ஊரில் ஆதிதிராவிடர் கோவிலுக்குள் போவதை மறுத்து, 2023 ஜூனில் கோவிலையே பூட்டி முத்திரை வைக்கின்ற நிலைமை வந்ததை நாடு பார்த்தது. அதற்காக மனித அன்புக்குத் தாலுகா எல்லை போடுவது நம் கொள்கையாகாது. உதவி வேறு, உதவி என்ற பெயரில் நடக்கும் யாத்திரை வேறு என்பதுதான் நம் வாதம்.

1961-ல் கானா, விடுதலையடைந்து நாலு வருஷமே ஆன நாடு, தன் உயர்தரப் பள்ளிகளுக்கு வாத்தியார் போதவில்லை என்று கேட்டது. அமெரிக்க அமைதிப் படையின் முதல் கோஷ்டி, சுமார் 50 பேர், அங்கே போய் இரண்டு வருஷம் அந்த சர்க்காரின் பள்ளியில் அந்த சர்க்காரின் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள். அமெரிக்காவுக்கு அதில் தன் ராஜதந்திர லாபம் இருந்தது. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் கேட்டவன் கானாக்காரன். வேலை இன்னதென்று சொன்னவனும் அவன். அதுவல்லவா முறை?

நம் மதுரையையே பாருங்கள். டாக்டர் வெங்கடசாமி என்பவர், மூட்டு வாதத்தால் விரல்கள் கோணிப்போனவர், சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று 1976-ல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். அவர் அரவிந்தர் பக்தர். ஆஸ்பத்திரிக்கும் அந்தப் பெயரையே வைத்தார். அவர் பக்தி நமக்கு வேண்டாம். அவர் கணக்கு நமக்கு வேண்டும். கண்புரையை எடுத்துவிட்டு உள்ளே வைக்கின்ற வில்லை வெளிநாட்டிலிருந்து வந்தால் ஏழைக்கு எட்டாத விலை. ஆகவே 1992-ல் மதுரையிலேயே அதைச் செய்ய ஒரு தொழிற்சாலை வைத்து, விலையைப் பல மடங்கு குறைத்தார்கள். அந்த வில்லை இன்றைக்கு ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போகின்றது. அந்த நாடுகளிலிருந்து கண் மருத்துவர்களும் ஆஸ்பத்திரி நடத்துகின்றவர்களும் மதுரைக்கு வந்து பயின்று, தங்கள் ஊரில் தங்கள் ஜனங்களுக்குத் தாங்களே சிகிச்சை செய்கின்றார்கள். வெயிலும் வெள்ளை உப்பும் கண்ணைக் கூசவைக்கின்ற வெளியில் ஆயுளைக் கழிக்கின்ற மரக்காணத்து உப்பளத் தொழிலாளிக்குப் பார்வையின் விலை தெரியும். நைஜீரியக் கிழவிக்கு நைஜீரிய டாக்டர் பார்வை கொடுக்கின்றார். அதற்குப் பின்னால் மதுரையில் வில்லை தேய்க்கின்ற ஒரு கிராமத்துப் பெண் இருக்கின்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை, படமும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆகவே ரஜா கிடைத்த வாலிபர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். கண்மருத்துவமோ, ஆழ்குழாய்க் கிணறோ, கணக்கோ, உங்களுக்கு ஒரு தொழில் நன்றாகத் தெரிந்து, அங்கே உள்ளவர்கள் அதைக் கேட்டு, அவர்கள் மேற்பார்வையில், நீங்கள் போன பிறகும் அது நடக்கும்படி ஒருவனுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு வர முடியுமானால், இரண்டு வாரம் அல்ல, இரண்டு வருஷம் போய்வாருங்கள். அது முடியாதென்றால், ஊர் பார்க்கப் போங்கள். அதில் ஒரு குற்றமும் இல்லை. அறைக்கு வாடகை கொடுங்கள், வழிகாட்டிக்குக் கூலி கொடுங்கள், கடையில் பேரம் பேசாமல் வாங்குங்கள், நாலு பேரோடு சரிசமமாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். போகவும் முடியாதென்றால், போக்குவரத்துக்கும் கம்பெனிக்கும் ஆகின்ற ஒன்றரை லட்சமோ இரண்டு லட்சமோ, அந்தப் பணத்தில் அந்த ஊர் வாத்தியாரம்மாளுக்கு எத்தனை மாதச் சம்பளம் கொடுக்கலாம் என்று ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள். சென்னையில் ஒரு ஆப்பிரிக்க மாணவனுக்கு உங்கள் மாடி அறையை, மற்றவனுக்குச் சொல்லுகின்ற அதே வாடகைக்கு விடுங்கள்.

யாத்திரைக் கம்பெனிக்காரர்களை நாம் கேட்பது வேறு. நீங்கள் வாங்குகின்ற கட்டணத்தில் அந்தக் கிராமத்துக்குப் போய்ச் சேருகின்ற பங்கு எவ்வளவு? உங்கள் விடுதியில் உள்ள குழந்தைகளில் தாய் தகப்பன் இருக்கின்றவர்கள் எத்தனை பேர்? குழந்தைகளோடு விடுமுன் தொண்டர்களின் பூர்வோத்தரத்தை யார் விசாரித்தது? தொண்டர் கட்டுகின்ற சுவருக்கு அந்த ஊர்க் கொத்தனாரை ஏன் வைக்கவில்லை? வேண்டாத தொண்டரைத் திருப்பி அனுப்பக் கிராமத்தாருக்கு அதிகாரம் உண்டா, இதுவரையில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினார்கள்? இதற்குக் கம்பெனிக்காரர்களில் யாராவது எழுத்து மூலம் பதில் அனுப்பினால், ஒரு எழுத்தும் குறைக்காமல் இப்பத்திரிகையிலேயே பிரசுரிக்கின்றோம்.